நயினார் சாருக்கு மொட்டை போட்டவன்

அந்தப் புஸ்தகத்தை மடியில வச்சிக்கோம்மா, பஸ்ஸு குலுக்குற குலுக்குல நான் இடிச்சு அட்டை கிழிஞ்சிரப் போவுது. ஹிஸ்டரி கைடா? குரூப் ஃபோர் எழுதுதியா? எழுது, எழுது. எந்த ராஜா எந்தக் குளத்தை வெட்டினான்னு தெரிஞ்சாத்தான் தாலுகா ஆபீஸ்ல ஃபைலைத் தூக்கி இந்த மேசையிலருந்து அந்த மேசைக்கு வைக்க முடியும்னு கவர்மெண்டு நெனைக்கு. நான் என்ன சொல்ல. நான் கணக்கு வாத்தியார். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ், ரிட்டயர்டு ஆகி ஆறு வருஷம் ஆச்சு. ஆவுடையப்பன் சார்னு ஆலங்குளம் பக்கம் போய்க் கேட்டுப் பாரு. இன்னைக்கு அமெரிக்காவுல இருக்கவன்லாம் என்கிட்ட பிரம்படி வாங்கினதைப் பெருமையாச் சொல்லுவான்.

எங்கேருந்து வாரேன்னா கேக்க? ஒரு ஹிஸ்டரி வாத்தியாரோட பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிட்டு வாரேன். சங்கரநயினார்னு பேரு. நயினார் சார். இருபத்தெட்டு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம்ல எனக்கு எதிர் நாற்காலி. நான் பஸ் ஏறின இடத்துல ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தாங்களே, பாத்திருப்ப. 'ஏணியே, தோணியே, எங்கள் வரலாறே'ன்னு. எவன் எழுதினானோ, தமிழ்ல நாப்பது மார்க் தாண்டியிருக்க மாட்டான். போட்டோவுல சிரிச்ச முகம். செத்த பெறவு சிரிக்காருன்னு நெனைக்காத, உசுரோட இருக்கும்போதும் அதே சிரிப்புதான். ஹெட்மாஸ்டர் ஏசினாலும் சிரிப்பு, பயலுக மேப்புல கடலுக்குப் பச்சை அடிச்சாலும் சிரிப்பு. ஒரு மனுசன்னா கோவம்னு ஒண்ணு வேண்டாமா.

அழப் போனேன்னு நெனைக்காத. நான் கேள்வி கேக்கப் போனேன். என் மகன், ஒத்த மகன், அந்த ஆளுக்குக் கொள்ளி வச்சு மொட்டை போட்டிருக்கான். மீசையையும் எடுத்திருக்கான். நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். எங்க பக்கத்துல அப்பன் உசுரோட இருக்கவன் இன்னொருத்தனுக்குக் கொள்ளி வைக்க மாட்டான், மீசையில கத்தி பட விட மாட்டான். அப்படிச் செஞ்சா உசுரோட இருக்க அப்பனையே செத்தவனாக்குன மாதிரி. ஏல, எந்த உரிமையில செஞ்சேன்னு நாலு பேர் முன்னால கேக்கணும்னுதான் போனேன். ரெண்டு பக்கம் எழுதி வேற எடுத்துக்கிட்டுப் போனேன். சாயங்காலம் படத்திறப்புன்னு மைக் செட்டெல்லாம் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க, பழைய சகான்னு என்னையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லியிருந்தாங்க. பேசுதேன் வாங்கன்னு இருந்தேன்.

அந்த ஆளு பாடம் நடத்துற லட்சணத்தைச் சொல்லுதேன், நீயே சொல்லு அது பாடமான்னு. ஒன்பதாம் கிளாஸ்ல சோழர் காலத்துத் தேர்தல் வருதுல்லா, ஓலையில பேரெழுதிப் பானையில போட்டுக் குலுக்கி எடுக்குறது. புஸ்தகத்துல அரைப் பக்கம். வாசிச்சமா, கேள்வி பதில் எழுதினமா, போனமான்னு இருக்கணும். இவரு வீட்டுலருந்து மண்பானை தூக்கிட்டு வந்துட்டாரு. பயலுக பேரையெல்லாம் பனையோலையில எழுதச் சொல்லி, உள்ள போட்டு, சின்ன கிளாஸ்லருந்து ஒரு பிள்ளைய வரச்சொல்லி எடுக்கச் சொன்னாரு. அப்படித்தான் அந்த வருஷம் கிளாஸ் லீடர். யார் பேரு வந்துச்சு தெரியுமா? இசக்கிப்பாண்டின்னு ஒருத்தன். வாரத்துல மூணு நாள் மட்டம், மிச்ச ரெண்டு நாள் சண்டை. நான் போய் நயினார்கிட்ட சொன்னேன், ஓய், இன்னொரு தடவ குலுக்கும்னு. 'சோழன் ரெண்டாந் தடவ குலுக்கலையே சார்'ங்காரு. சோழனாம். அந்த இசக்கிப்பாண்டி அந்த வருஷம் ஒரு நாள் மட்டம் போடல, அது வேற விஷயம். அவனுக்குப் பொழுது போகாம இருந்திருக்கும்.

தேதி கேட்டா அடிக்க மாட்டாரு. 'தேதிய மறந்தாலும் ஆளை மறக்காதீங்கடா'ம்பாரு. பரீட்சையில ஆளுக்கு மார்க் உண்டா, தேதிக்குத்தானே மார்க்கு. ஒரு ராஜா தோத்து ஓடுறதைச் சொல்லும்போது இவருக்குக் கண்ணு கலங்கும். நானூறு வருஷத்துக்கு முன்னால செத்தவனுக்கு. பக்கத்து கிளாஸ்ல நான் தேற்றம் நடத்திக்கிட்டிருப்பேன், இந்தப் பக்கம் சத்தமே இருக்காது. ஐம்பத்திரண்டு பயலும் வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருப்பான். கதை சொன்னா எவன் கேக்க மாட்டான். கணக்குக்கு வாயைத் தொறக்கச் சொல்லு பாப்போம்.

ஆனா ஒண்ணு, பீரியடு குடுக்குறதுல தாராளம். ஜனவரி பொறந்துட்டா பத்தாம் கிளாஸ் ஹிஸ்டரி பீரியடு என்னுதுதான். எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தாம்மா, நீ படிச்ச ஸ்கூல்லயும் டிரில் பீரியடு, ஹிஸ்டரி பீரியடையெல்லாம் கணக்கு வாத்தியார்தான் தின்னுருப்பாரு. நான் வாசல்ல போய் நின்னாப் போதும், அவரு சாக்பீஸ் டப்பாவை அப்படியே என் கையில குடுத்துட்டு, 'சார் வந்துட்டாங்க, மிச்சத்தை நாளைக்குப் பாப்போம்'னு எறங்கிருவாரு. மறுநாளும் நான்தான் வருவேன். கிளாஸே உச்சுக் கொட்டும். ஒரு நாள் யாருல அது உச்சுக் கொட்டினதுன்னு பிரம்பை எடுத்துக்கிட்டுத் திரும்பினேன் பாத்துக்கோ, மூணாவது பெஞ்சுல என் மகன். குற்றாலநாதன். அவனுக்கு ரெண்டு அடி கூடப் போட்டேன். வாத்தியார் மகன்னு சலுகை குடுத்தான்னு எவனும் என்னைச் சொல்லிரக் கூடாதுல்லா. அதுல நான் ரொம்ப நேர்மை. மத்தவனுக்கு ஒண்ணுன்னா அவனுக்கு மூணு.

நயினாருக்கு அந்தக் கவலையெல்லாம் கெடையாது. அவருக்கு நாலு இருபது மணி அடிச்சா உலகம் முடிஞ்சுது. நானெல்லாம் ஏழு மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பேன், சனி ஞாயிறும் உண்டு. அவரு மணி அடிக்கதுக்கு முன்னாலயே செருப்பை மாட்டிருவாரு. ஏன் வே, வீட்டுல என்ன தீப்பிடிச்சா எரியுதுன்னு டிரில் மாஸ்டர் கேப்பாரு. 'உலகம்மா காப்பியைக் குடிக்காம எனக்காக வச்சிக்கிட்டு இருப்பா சார்'ங்காரு. உலகம்மான்னா அவரு பொண்டாட்டி. காப்பிக்கு ஓடுத ஆம்பளைய நீ பாத்திருக்கியா. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, ரெண்டுக்கும் காலையில இவருதான் சடை பின்னிவிடுவாரு, சில நாள் சட்டைப் பையில ரிப்பன் தொங்கும். மூத்தது சமைஞ்சதுக்கு மூணு நாள் லீவு போட்டாரு, அதுவும் அரைப் பரீட்சை நேரத்துல. லீவு லெட்டர்ல காரணத்தை அப்படியே எழுதியிருக்காரு, வெக்கமே இல்லாம. ஸ்டாஃப் ரூம்ல ஒரு வாரம் சிரிச்சோம். நான் என் மகன் பொறந்த அன்னைக்கே ரெண்டு பீரியடு எடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதை யாரும் ஃப்ளெக்ஸ்ல எழுதப் போறதில்ல.

இப்ப என் மகன் கதைக்கு வாரேன். பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு. சரி, எடுக்கத்தான செய்யணும், யாரு பிள்ளை. பிளஸ் டூவுல இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தி ஒன்பது. ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு கேட்டேன். தெரியலங்கான். ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு தெரியாதவன் வாழ்க்கையில எங்க போய் நிப்பான், சொல்லு. பத்து நாள் நான் அவன்கூடப் பேசல. பேசாம இருந்தா உறைக்கும்ல. அவனுக்கு உறைக்கல. தெனம் சாயங்காலம் எங்கயோ போயிட்டு வாரான், மூஞ்சி தெளிச்சியா இருக்கு. வீட்டுல இவகிட்ட, என் பொண்டாட்டிகிட்ட, கேட்டா லைப்ரரிங்கா. அப்பதான் எனக்கு மண்டையில ஏறிருக்கணும், ஏறல. கவுன்சிலிங்குக்கு மெட்ராஸ் போகணும், ரயில் டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு. மெக்கானிக்கல்னு நானே முடிவு பண்ணியாச்சு. கெளம்புற அன்னைக்கு மத்தியானம் ஆளைக் காணோம்.

நேரா நயினார் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரியாதா. அந்த மனுசன் கிரைண்டர் முன்னால மணையைப் போட்டு உக்காந்து இட்லிக்கு மாவு தள்ளிக்கிட்டிருக்காரு. முழங்கை வரைக்கும் மாவு. உலகம்மா ஊஞ்சல்ல உக்காந்து பேப்பர் படிக்கா. குடும்பம் நடக்குற அழகைப் பாத்துக்கோ. எம் பிள்ளைய வெளிய வரச்சொல்லும் வேன்னேன். 'உக்காருங்க சார், ஒரு வாய் காப்பி சாப்பிடுங்க'ங்காரு. காப்பியைக் கொண்டு கெணத்துல கொட்டும், எம் பிள்ளை எங்கன்னேன். உள்ளருந்து வந்தான். வந்து எங்க நின்னான் தெரியுமா? அந்த ஆளு எந்திரிச்சு நிக்காருல்லா, மாவுக் கையோட, அவரு முதுகுக்குப் பின்னால போய் நின்னான். பதினேழு வயசு, என்னைவிட ஒசரம். நான் என்ன புலியா?

'சார், நானும் மூணு நாளா இன்ஜினியரிங் போன்னுதான் சொல்லுதேன்'ங்காரு நயினார். 'அவன் ஹிஸ்டரி படிக்கணும்ங்கான். நீங்க பக்கத்துல உக்கார வச்சு ஒரே ஒரு தடவ அவன் சொல்றதைக் கேளுங்க. கேட்டுட்டு அப்புறமும் போகணும்னா, நானே வந்து ரயில் ஏத்தி விடுதேன்' அப்படிங்காரு. சாமர்த்தியத்தைப் பாரு. எம் பிள்ளை சொல்றதைக் கேளும்னு எனக்குச் சொல்ல நீரு யாரு ஓய்னு பிடிச்சேன். தெருவே கூடிட்டு. பானையைத் தூக்கிட்டு வந்து எம் பிள்ளைய மயக்கிட்டீரு, உமக்கு ஆம்பளப் பிள்ளை இல்லேன்னு ஊரான் பிள்ளைய வளைச்சுப் போடுதீரான்னு கேட்டேன். அவரு சிரிக்கல அன்னைக்கு. அது ஒண்ணுதான் எனக்குத் திருப்தி. பெறவு மகனைப் பாத்துச் சொன்னேன், அந்த வாசல்ல நின்னே சொன்னேன், இன்னையோட உனக்கு அப்பன் செத்தாச்சுல, தலை முழுகிக்கோன்னு. கோவத்துல எல்லாரும் சொல்றதுதான, நீ உங்க வீட்டுல கேட்டதில்லையா. சொல்லிட்டு வந்துட்டேன். ரெண்டு நாள்ல தன்னால வருவான்னு இருந்தேன்.

வரல. திருநெல்வேலியில ஹாஸ்டல்ல சேந்துட்டான். இவ போய்ப் பாப்பா, முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு. எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு. நான் அவன் பேரையே எடுக்கதில்ல. அவனா வந்தா வரட்டும், நானா போறதில்ல. நயினார் ரிட்டயர்டு ஆகிச் சொந்த ஊருக்குப் போன பெறவு, வருஷத்துக்கு நாலு கார்டு போடுவாரு எனக்கு. மகன் சங்கதியெல்லாம் அதுல இருக்கும், அதான அவரு வேலை. நான் படிக்கவே மாட்டேன். கிழிச்சுப் போட்டுருவேன். எம்.ஏ.வுல கோல்டு மெடல்னு ஒரு கார்டு, அது ரெண்டாயிரத்துப் பத்தொன்பது ஜூலை. ஆத்தோரம் எங்கயோ தோண்டுத வேலையில சேந்திருக்கான், ஒரு குழியில முழுப் பானை ஒண்ணை உடையாம இவன்தான் எடுத்தான்னு ஒரு கார்டு, அது தை மாசம். அந்தப் பானை உசரம் நாப்பத்திரண்டு சென்டிமீட்டராம், வாய்ச் சுத்தளவு அறுபத்தாறு. பை ஆர் வச்சுப் போட்டா விட்டம் இருபத்தொண்ணு வரும். சும்மா சொல்லுதேன். மஞ்சக்காமாலை வந்து ரெண்டு வாரம் எங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டோம், இப்ப தேவலைன்னு ஒரு கார்டு. ஒண்ணுக்கும் நான் பதில் போட்டதில்ல. அவரும் விட்டதில்ல. சொரணை இருந்தா நிறுத்தியிருக்கணும்.

பதினாறு நாளைக்கு முன்னால டிரில் மாஸ்டர் போன் பண்ணுதாரு. 'நயினார் போயிட்டாரு வே, ஹார்ட்டு. நான் நேரா சுடுகாட்டுக்குத்தான் போய்ச் சேந்தேன். உம்ம பையன்தான் கொள்ளி வச்சான். ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க, பங்காளி ஒருத்தன் உண்டு, வரப்புத் தகராறுல வரமாட்டேன்னுட்டானாம்' அப்படிங்காரு. போனை வச்சுட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமா நடந்தேன். துக்கமா? துக்கமெல்லாம் இல்ல. ஆத்திரம். இவகிட்ட சொன்னேன், உம் மகன் பண்ணின காரியத்தைப் பாத்தியான்னு. அவ முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. அன்னைக்கு உக்காந்துதான் அந்த ரெண்டு பக்கம் எழுதினேன். தேற்றம் மாதிரி, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, முடிவுல எவனும் மறுத்துப் பேச முடியாது.

இன்னைக்குக் காலையில ஏழரைக்கே போய்ட்டேன். எவனுக்கும் முன்னால போய் அவனைத் தனியா ஒரு பார்வை பாக்கணும்னு. சின்ன ஊரு, என்னை அங்க யாருக்கும் தெரியாது. பழைய மாணவர், வாத்தியார் கூட்டமெல்லாம் சாயங்காலத்துக்குத்தான். வீட்டு வாசல்ல பந்தல் போட்டிருக்கு. வாய்க்கால் கரையில சடங்கை முடிச்சுட்டு அப்பதான் வந்திருக்காங்க. அவன் பந்தல் ஓரத்துல நிக்கான். ஈர வேட்டி, வெத்து மேலு, மொட்டை. மீசை இல்லாம பச்சப் பிள்ளை மாதிரி இருக்கு மூஞ்சி. என்னைப் பாத்தான். பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் போய் ஒரு நாற்காலியில உக்காந்தேன். பக்கத்துல சடங்கு செய்ய வந்த பெரியவர், வெத்தலை போட்டுக்கிட்டு இருக்காரு.

நான்தான் பேச்சைக் குடுத்தேன். ஏன் பெரியவரே, சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல, ஊரான் பிள்ளைய வச்சுச் சடங்கைச் செய்யுதீங்களே, இது அடுக்குமான்னு. அந்த மனுசன் வெத்தலையைத் துப்பிட்டு வந்து சாவகாசமாச் சொல்லுதாரு. 'நானும் அதான் சார் கேட்டேன். பாடிய எடுக்குறதுக்கு முன்னால இந்த வாசல்ல வச்சே கேட்டேன். தம்பி, உனக்குத் தகப்பனார் இருக்காரா, இருந்தா நீ செய்யக் கூடாதுப்பான்னேன். பதினோரு வருஷம் ஆச்சுங்க ஐயான்னான். அப்ப சரின்னு கொள்ளிச் சட்டியைக் கையில குடுத்தேன். பாவம் சார், அவன் பக்கத்து மனுசன்னு ஒரு ஈ காக்கா வரல' அப்படிங்காரு.

நான் பையிலருந்த ரெண்டு பக்கத்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். பெரியவர் என்னை ஏற எறங்கப் பாத்தாரு. 'ஆமா, சார் யாரு? பையனுக்கு வேண்டியவங்களா?' அப்படின்னு கொஞ்சம் சத்தமாக் கேட்டாரு. பந்தல்ல பத்துப் பதினஞ்சு பேர் இருக்காங்க, எல்லாம் திரும்பிப் பாக்காங்க. உலகம்மா காப்பித் தட்டை ஏந்திக்கிட்டு வாசப்படியில வந்து நிக்கா. பூ இல்ல, பொட்டு இல்ல. அவளுக்கு என்னைத் தெரியாதா. அவ வீட்டு வாசல்ல நின்னு நான் கத்தின கத்து மறக்கவா செய்யும். தட்டுல தம்ளர் ஒண்ணோட ஒண்ணு இடிக்குற சத்தம் எனக்குக் கேக்கு. நான் இவன் அப்பன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கொள்ளி செல்லாது, சடங்கு செல்லாது, பதினாறு நாளாச் செஞ்சது அம்புட்டும் வீண். அவ புருசனுக்குக் கடன் கழியல. என் மகன் ஊர் முன்னால பொய்யன். அதுக்குத்தான நான் பஸ் ஏறிப் போனேன்? அதைச் சொல்லத்தான?

கணக்கு வாத்தியார்னேன். இந்தத் தம்பிக்குச் சின்னதுல கணக்குச் சொல்லிக் குடுத்தேன், அம்புட்டுத்தான்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு என்னைக் கேக்காத. பதினாறு நாள் காரியத்தை மறுபடி மொதல்லருந்து செய்யணும்னா யாரு அலையுறது. அந்தப் பொம்பளைக்கு முட்டுவலி வேற. அதுக்காகத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல.

அதோட விட்டாரா அந்தப் பெரியவர்? எங்க பக்கம் ஒரு முறை உண்டு. சடங்கு முடிஞ்சதும் கொள்ளி வச்சவன் தலையில புதுத் துண்டு கட்டணும். தாய்மாமன் கட்டுவான், இல்லேன்னா அவன் பக்கத்துப் பெரிய மனுசன் யாராவது. கட்டினாத்தான் தீட்டுக் கழிஞ்சு அவன் நாலு பேரோட பழையபடி புழங்கலாம். 'பையன் பக்கம் யாரும் இல்லையேன்னு நெனச்சேன், தெய்வமா வந்தீங்க சார். வாத்தியாரும் தகப்பன் ஸ்தானந்தான், நீங்களே கட்டிருங்க'ன்னு துண்டை என் கையில திணிக்காரு. எனக்கு அதெல்லாம் பழக்கமில்லங்கேன். உலகம்மா படியிலருந்து, 'அண்ணாச்சியே கட்டட்டும்' அப்படிங்கா. அவ்வளவுதான் சொன்னா.

அவன் வந்து என் முன்னால நின்னான். என்னைவிட நாலு விரக்கடை ஒசரம், எட்டாது. குனிஞ்சான். அந்தத் தலையை மொட்டையா நான் கடைசியாப் பாத்தது அவன் ஒரு வயசுல, திருச்செந்தூர்ல. என் மடியில வச்சுத்தான் எடுத்தாங்க, அழுது என் சட்டையெல்லாம் நனைச்சுட்டான். பின்மண்டை ஒரு பக்கம் தட்டை. எங்க அப்பாவுக்கு அப்படித்தான், எனக்கும் அப்படித்தான், முடி இருக்கவும் தெரியாது. அந்தப் பெரியவருக்குக் கண்ணு இருந்தா ரெண்டு தலையையும் பக்கத்துல பாத்தே கண்டுபிடிச்சிருப்பாரு. எனக்கு முண்டாசு கட்டத் தெரியாதும்மா. மூணு தடவ சுத்தினேன், அவுந்து அவுந்து போச்சு. யாரோ ஒருத்தன் சிரிக்கான். நாலாந் தடவ முடிச்சுப் போட்டேன். இறுக்கமா இருக்கான்னு கேட்டேன். பதினோரு வருஷத்துல அவன்கிட்ட நான் கேட்ட மொத கேள்வி அது. எழுதிக்கிட்டுப் போன கேள்வி ஒண்ணும் ஞாபகம் வரல. 'இருக்கட்டும்'னான்.

கட்டினவங்க கால்ல விழணும்னு பெரியவர் சொன்னாரு. விழுந்தான். ரொம்ப நேரம் எந்திரிக்கல. முதுகு மட்டும் குலுங்குது. எனக்கு அந்தக் காட்சியெல்லாம் பிடிக்காது. எந்திரிப்பா, நல்லா இருன்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன். மாமா மாமான்னு பின்னாலயே நயினாரோட ரெண்டாவது பிள்ளை ஓடி வருது, சாப்பிட்டுட்டுப் போங்கன்னு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னேன். பஸ் வர ஒன்றரை மணி நேரம் இருந்துச்சு. அந்த ஸ்டாப்ல உக்காந்து ரெண்டு பக்கத்தையும் ஒரு தடவ வாசிச்சுப் பாத்தேன். தப்பே இல்ல, ஒரு வரி விடாம எல்லாம் சரி. சாக்கடையில போட்டுட்டேன். சாயங்காலம் மைக்குல அந்த ஃப்ளெக்ஸ்காரப் பயலுகளே பேசிக்கிடட்டும். ஏணி, தோணின்னு.

நீ ஏம்மா கண்ணைத் தொடைக்க? இதான் உங்க ஹிஸ்டரிக்காரங்ககிட்ட எனக்குப் பிடிக்காது, பொசுக்குன்னா அழுகை. கைடை எடுத்துப் படி. அடுத்த ஸ்டாப் உன்னுதா? எனக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. எனக்குச் சீக்கிரம் போய்ச் சேரவும் பயமாத்தான் இருக்கு. வீட்டுல இவ காத்துக்கிட்டு இருப்பா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளிச்சு, பூ வச்சு, நெத்தி நெறையக் குங்குமம் வச்சுக்கிட்டு வந்து கதவைத் தொறப்பா. மகன்கிட்ட என்ன கேட்டீங்க, அவன் என்ன சொன்னான்னு கேப்பா. அவகிட்ட எப்படிம்மா சொல்ல, உன் மகன் நான் செத்துப் பதினோரு வருஷம் ஆச்சுன்னு சொல்லியிருக்கான், நானும் அதுக்குச் சரின்னுட்டு வந்துட்டேன்னு.